டகோட்டா பறக்கிறது, சரி; படம் எடுத்தவர் எங்கே இருந்தார்?

டகோட்டா என்ற பழைய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று வெள்ளை மேகத்துக்குப் பக்கத்தில் அசையாமல் மிதக்கிறது. ஓட்டுபவரின் முகம் தெரிகிறது, இறக்கையில் அடித்த ரிவெட்டுகளை எண்ணிவிடலாம். கீழே வயல்வெளி மெதுவாக நகர்கிறது. அக்டோபர் 8, விமானப்படை நாள் நெருங்கினால் இந்த மாதிரி வீடியோக்கள் செல்போன்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். கூடவே சந்தேகங்களும் வரும். இது கிராஃபிக்ஸா? ட்ரோனில் எடுத்ததா? பறக்கிற விமானத்தின் ப்ரொப்பெல்லர் ஏன் நின்றுபோன மாதிரி இருக்கிறது? சில வீடியோக்களில் அது ஏன் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது?

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கல்லணைக்கு மேலே இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா? தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் பறக்கிற விமானமும் ஒரே படத்தில் வருமா?

எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் படத்தில் நமக்குத் தெரியாத இரண்டாவது விமானம் ஒன்று இருக்கிறது.

முதலில் நாலு சொற்கள்

1. நாயக விமானம்: படத்தில் வருவது. இங்கே பழைய விமானம்.
2. கேமரா விமானம்: படம் எடுப்பவரைச் சுமந்து செல்வது. பெரும்பாலும் செஸ்னா மாதிரி நாலு பேர் உட்காரும் சின்ன விமானம்.
3. ஃபார்மேஷன்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விமானங்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, இடைவெளி மாறாமல் ஒன்றாகப் பறப்பது.
4. ஸ்டால் வேகம்: இந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது. சைக்கிளை ரொம்ப மெதுவாக ஓட்டினால் சாய்ந்துவிடும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் இங்கே காலை ஊன்றத் தரை கிடையாது.

பழைய விமானம் என்றால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது விமானப்படையின் விண்டேஜ் பிரிவு. டைகர் மாத், ஹார்வர்ட், டகோட்டா ஆகியவை அதில் பேர்பெற்றவை. டகோட்டாவுக்கு ‘பரசுராமா’ என்று பெயர். முன்னாள் மத்திய அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் இங்கிலாந்தில் அதைச் சீர்செய்ய வைத்து விமானப்படைக்குக் கொடுத்தார். 2018-இல் அது பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது. அவருடைய அப்பா விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். வாலில் எழுதியிருக்கும் விபி 905 என்ற எண், 1947 அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டகோட்டாவின் எண். டைகர் மாத் அதற்கும் மூத்தது. 1931-இல் முதலில் பறந்த, இரண்டு அடுக்கு இறக்கையும் துணி போர்த்திய உடலும் கொண்ட பயிற்சி விமானம். மூல வடிவத்தில் அதற்கு மின்சார வசதியோ பிரேக்கோ கிடையாது. வயர்லெஸ்ஸும் இல்லை என்பது படம் எடுக்கப் போகிறவருக்கு முதல் தலைவலி. கையில் பிடிக்கும் வயர்லெஸ் ஒன்றைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கைச்சாடைதான்.

ட்ரோன் ஏன் சரிப்படாது

கடையில் வாங்குகிற கேமரா ட்ரோன்களில் பெரும்பாலானவை மணிக்கு 60, 70 கி.மீ. போனாலே பெரிது. டகோட்டாவின் ஸ்டால் வேகமே மணிக்குச் சுமார் 108 கி.மீ. அதாவது டகோட்டா விழாமல் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அந்த மாதிரி ட்ரோனால் கூடவே போக முடியாது. ஒரு நொடி கடந்துபோவதை எடுக்கலாம், அவ்வளவுதான்.

சட்டமும் இரண்டையும் சந்திக்க விடுவதில்லை. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, தனி அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான் பறக்கவிடலாம். விமானமோ, ஊர் இல்லாத வெட்டவெளியில்கூட, ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர 500 அடிக்குக் கீழே வரக்கூடாது. நடுவில் 100 அடி யாருக்கும் இல்லாமல் கிடக்கிறது. துணி போர்த்திய இறக்கையில் ஒரு ட்ரோன் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்தால், அந்த 100 அடி இருப்பது நல்லதுதான்.

சிக்கலின் வேர்: வேகம்

தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் இரண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், ஜன்னல் வழியாக அடுத்த பஸ்காரரோடு பேசலாம். இரண்டும் 60-இல் ஓடுகிற வரைக்கும் அது முடியும். வானத்திலும் அதே கணக்குதான். ஆனால் அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் இதற்குக் கீழே முடியாது, இதற்கு மேலே முடியாது என்று ஒரு பட்டை உண்டு. இரண்டு விமானங்களின் பட்டைகளும் ஒன்றோடொன்று சேருகிற இடத்தில்தான் படம் எடுக்க முடியும்.

செஸ்னா 172 சாதாரணமாக மணிக்கு 225 கி.மீ. வாக்கில் போகும், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் என்ற மடிப்புப் பலகையை இறக்கினால் 90-க்குப் பக்கத்தில் ஸ்டால். டைகர் மாத்தின் உச்ச வேகமே சுமார் 175. டகோட்டா சாதாரணமாக 250-ஐ ஒட்டிப் போகும். ஆகவே டைகர் மாத்துடன் போனால் செஸ்னா வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். டகோட்டாவுடன் போனால் டகோட்டாதான் 200-க்கு இறங்கிவர வேண்டும்.

இதற்கு விலை உண்டு. மெதுவாகப் போகிற விமானம் அதே எடையைத் தாங்க மூக்கைத் தூக்கிக்கொள்ளும். படத்தில் பார்த்தால் கம்பீரமாகப் போகிற மாதிரி இராது, படி ஏறிக் களைத்த மாதிரி இருக்கும். கேமரா விமானம் சின்னதாக இருக்கக்கூடாது, வேகமானதாக இருக்க வேண்டும் என்று தொழில்காரர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். அமெரிக்காவில் பல வருடம் பழைய பி-25 குண்டுவீச்சு விமானங்களைக் கேமரா விமானங்களாக வைத்திருந்தார்கள். ஜெட்டுகளைப் படம் எடுக்க கிளே லேசி என்ற விமானி லியர்ஜெட் என்ற சின்ன ஜெட் விமானத்தையே இதற்கென்று மாற்றி வைத்திருந்தார்.

வேகம் கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்? மணிக்கு 10 கி.மீ. வித்தியாசம் என்பது சாலையில் ஒன்றுமே இல்லை. வானத்தில் அது நொடிக்கு 2.8 மீட்டர். இரண்டு விமானங்களுக்கும் நடுவே 30 மீட்டர் இருந்தால், 11 நொடியில் அந்த இடைவெளி காலி. கேமராவில் லென்ஸைத் திருகிக் கூர்மை பார்க்கிற நேரம் அது.

திரும்பும்போது இன்னும் சிக்கல். தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீதி முனையில் தேர் திரும்பும்போது உள்பக்கம் வடம் பிடித்தவர் நின்ற இடத்தில் நிற்பார், வெளிப்பக்கம் பிடித்தவர் ஓடவேண்டியிருக்கும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் 15 டிகிரி சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 1200 மீட்டர். வெளிப்பக்கம் 40 மீட்டர் தள்ளிப் போகிற விமானம் மணிக்கு ஆறேழு கி.மீ. கூடுதல் வேகத்தில் போனால்தான் பக்கத்திலேயே இருக்க முடியும். வளைவு முடிந்ததும் அந்தக் கூடுதலைக் குறைக்க மறந்தால், மேலே சொன்ன 11 நொடிக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

ஆனாலும் திரும்பித்தான் ஆகவேண்டும். வட்டம் போட்டால் ஒரே சுற்றில் வெயில் எல்லாப் பக்கத்திலிருந்தும் விழும். கேமரா உள்பக்கம் இருந்தால் நாயக விமானம் நம்மைப் பார்த்துச் சாயும், இறக்கையின் மேல்பரப்பு முழுதும் தெரியும். மறுபக்கம் திரும்பினால் வயிறு தெரியும். நேர்கோட்டில் போய் இந்தப் படங்கள் கிடைக்காது.

யார் யாரைப் பார்ப்பது?

எல்லோரும் கேமராவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். இரண்டு விமானிகளும் ஒருவரை ஒருவர் பார்த்து இடைவெளியைச் சரிசெய்ய முயன்றால், குறுகிய சந்தில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அது நடக்கும். சந்தில் சிரித்துவிட்டுப் போகலாம்.

அதனால் ஒருவர் தலைமை, ஒருவர் தொடர்பவர் என்று தரையிலேயே பிரித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கேமரா விமானம் தலைமை. அது சீராக, அலுங்காமல் போகும். அதன் விமானி வெளியே பார்ப்பார்: வேறு விமானம் வருகிறதா, பறவை இருக்கிறதா, ஊர் எங்கே, வெயில் எங்கே. நாயக விமானத்தின் விமானி வேறு எதையும் பார்க்கமாட்டார். அவர் கண் தலைமை விமானத்தை விட்டு நகரக்கூடாது. இடைவெளிக்கு முழுப்பொறுப்பு அவர் ஒருவர்தான். பழைய விமானத்தை ஓட்டுபவருக்கு ஃபார்மேஷன் பழக்கம் இல்லையென்றால் பொறுப்பை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பேரிடமும் கொடுக்கக்கூடாது.

கிளம்பும் முன் தரையில் பேசி முடிக்க வேண்டியவை நிறைய. விட்டுவிடவே கூடாதவை இவை:

1. எவ்வளவு கிட்ட வரலாம். எண்ணாகச் சொல்ல வேண்டும். ‘பார்த்துக்கலாம்’ என்பது பதில் ஆகாது.
2. கண்ணிலிருந்து மறைந்தால் என்ன செய்வது. தொடர்பவர் உடனே வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு, முன்பே முடிவு செய்த திசையில் விலகிப்போக வேண்டும். தேடிப் பார்க்கக்கூடாது.
3. யார் எப்போது வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லலாம். சொன்னவுடன் நிறுத்த வேண்டும். காரணத்தைத் தரையில் கேட்டுக்கொள்ளலாம்.
4. யாரும் யாருக்கும் நேர் கீழே போகக்கூடாது. செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது, அதற்கு மேல்பக்கம் குருடு. டகோட்டாவின் இறக்கை கீழே இருக்கிறது, அதற்குக் கீழ்ப்பக்கம் குருடு. டகோட்டா மேலே, செஸ்னா கீழே என்று வந்துவிட்டால் இரண்டு பேருக்குமே மற்றவர் இருப்பது தெரியாது.
5. எடை குறைந்தது, எடை கூடியதன் பின்னால் போகக்கூடாது. முழுச் சுமையோடு டகோட்டா 11 டன்னுக்கு மேல் வரும், செஸ்னா ஒரு டன் சொச்சம். பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து காற்று சுழன்று பின்னால் இறங்கும். சின்ன விமானம் அதில் மாட்டினால் புரண்டுவிடும்.

படம் எடுப்பவர் இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான். ‘இன்னும் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுங்க’ என்பது இந்தத் தொழிலின் ஆபத்தான வாக்கியம். கேமராவின் சின்னத் துளை வழியாகப் பார்ப்பவருக்குத் தூரம் தெரியாது. லென்ஸ் எப்போதும் பொய் சொல்லும். அவர் தன் விமானியிடம் மட்டும் கேட்கலாம். முடியும், முடியாது என்பதை விமானிகள் சொல்வார்கள்.

1966-இல் நடந்தது

அனுபவம் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1966 ஜூன் 8, கலிபோர்னியா. ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின் பொருத்திய ஐந்து விமானங்களை விளம்பரப் படத்துக்காக நெருக்கமாகப் பறக்க வைத்தார்கள். நடுவில் எக்ஸ்பி-70 வால்கிரி என்ற ராட்சத சோதனை விமானம். படம் எடுத்தவர்கள் ஒரு லியர்ஜெட்டில் இருந்தார்கள். வால்கிரியின் வலது இறக்கை நுனியை ஒட்டி எஃப்-104 போர் விமானத்தை ஓட்டிவந்தவர் ஜோ வாக்கர். எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் 100 கி.மீ. உயரத்தைத் தாண்டியவர். அவருடைய விமானம் பெரிய விமானத்தின் இறக்கைமீது புரண்டு, வாலை அடித்து நொறுக்கியது. வாக்கரும் வால்கிரியின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்துபோனார்கள். வால்கிரியின் விமானி ஆல் வைட் மட்டும் படுகாயத்தோடு தப்பினார். இறக்கை நுனியின் சுழல்காற்று இழுத்துவிட்டது என்பதே பரவலான விளக்கம்.

அன்றைக்குக் கேமரா சரியாகவே வேலை செய்தது. விழுந்த காட்சியும் பதிவாகியிருக்கிறது.

நின்றுபோன ப்ரொப்பெல்லர்

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. கிராஃபிக்ஸ் என்ற சந்தேகத்துக்கும் இதுதான் காரணம். மூன்று தனித்தனி விஷயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, போட்டோவில் நின்ற மாதிரி தெரிவது. டகோட்டாவின் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2050 சுற்று ஓடும்போது, நடுவில் உள்ள பல்சக்கரங்கள் அதைக் குறைத்து ப்ரொப்பெல்லரை 1150 சுற்றுக்கு ஓட்டும். எஞ்சின் 16 சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் 9. நொடிக்கு என்று பார்த்தால் 19 சுற்று சொச்சம். கேமராவின் ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி திறந்தால் அந்த நேரத்தில் ப்ரொப்பெல்லர் வெறும் 7 டிகிரி நகரும். கண்ணுக்கு அது நிற்கிறதுதான். எஞ்சின் நின்றுபோன விமானம் விழப்போகிற மாதிரி ஒரு படம் கிடைக்கும். நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடி என்றால் 55 டிகிரி, அழகாக மங்கும். அறுபதில் ஒரு நொடி வைத்தால் 115 டிகிரி. டகோட்டாவுக்கு மூன்று இதழ், இதழுக்கு இதழ் 120 டிகிரி. ஆகவே கிட்டத்தட்ட முழு வட்டமும் பளபளவென்று ஒரு தட்டுபோல் தெரியும். எல்லோரும் ஆசைப்படுவது அந்தத் தட்டுக்குத்தான்.

டைகர் மாத்தில் இது சுலபம். அதன் ப்ரொப்பெல்லர் எஞ்சினோடு நேரடியாகச் சுற்றுகிறது, நிமிடத்துக்கு 2000 சுற்று வாக்கில். அறுபதில் ஒரு நொடிக்குள் அது 200 டிகிரி சுற்றிவிடும். இரண்டே இதழ் என்பதால் முழுத்தட்டு கிடைத்துவிடும். பெரிய எஞ்சின் உள்ள டகோட்டாவைவிட சின்ன டைகர் மாத் ஒத்துழைக்கும் என்பது வேடிக்கைதான்.

ஆனால் அறுபதில் ஒரு நொடி என்பது, அதிர்கிற விமானத்திலிருந்து அதிர்கிற இன்னொரு விமானத்தை நீள லென்ஸில் எடுப்பதற்கு மிக நீண்ட நேரம். விமானம் முழுதும் ஆடிப்போய்விடும். தொழில்காரர்கள் நூற்றுக்கணக்கில் எடுத்து, பெரும்பாலானதைக் குப்பையில் போடுகிறார்கள். ஆட்டத்தைக் குறைக்கும் கைராஸ்கோப் என்ற சுழல்சக்கரம் பொருத்திய தாங்கி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. வெயில் இன்னொரு இடைஞ்சல். நம் ஊர் பகல் வெளிச்சத்தில் ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துவிடும். லென்ஸ் முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி என்டி ஃபில்டர் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வீடியோவில் நிற்பது அல்லது பின்னோக்கிச் சுற்றுவது. வீடியோ நொடிக்கு 25 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சரியாக 1000 சுற்று சுற்றினால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அது 240 டிகிரி திரும்பியிருக்கும். மூன்று இதழும் ஒன்றுபோல் இருப்பதால், முதல் இதழ் இருந்த இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும். ஒவ்வொரு படத்திலும் அதே காட்சி. 1000-க்குக் கொஞ்சம் குறைந்தால் பின்னோக்கிச் சுற்றும், கூடினால் மெதுவாக முன்னோக்கி. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் ஓடுவதும் இதே கதை.

மூன்றாவது வாழைப்பழம். செல்போன் கேமரா ஒரு படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரியைப் படித்த நேரத்துக்கும் கடைசி வரிக்கும் நடுவே இதழ் நகர்ந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் பதிந்து, நேரான இதழ் வளைந்து தெரியும். சில சமயம் இதழ் உடைந்து தனியாக மிதப்பதுபோலக்கூட வரும். கிராஃபிக்ஸ் செய்பவர் இந்தத் தப்பைச் செய்யமாட்டார். அதனால் வளைந்த ப்ரொப்பெல்லரைப் பார்த்தால், அது உண்மையாக எடுத்த வீடியோ என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஜன்னலோரம்

செஸ்னா 172-இன் முன் ஜன்னல் மேல்பக்கம் கீல் வைத்தது. அதைத் தடுத்து நிறுத்தும் சின்னக் கம்பியின் திருகைப் பொறியாளர் கழற்றிக் கொடுத்தால், பறக்கும்போது காற்றே ஜன்னலைத் தூக்கி இறக்கையின் அடியில் ஒட்டவைத்துவிடும். கையால் பிடிக்க வேண்டியதில்லை. கண்ணாடி இல்லாத சதுரம் கிடைத்துவிடுகிறது. அப்புறம்தான் வேலை ஆரம்பம். லென்ஸைச் சட்டத்துக்கு வெளியே ஒரு விரல் நீட்டினாலும் 200 கி.மீ. காற்று அதைப் பிடித்து இழுக்கும். முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றினால் எஞ்சினின் நடுக்கம் முழுதும் கேமராவுக்கு ஏறும். உடம்பையே ஸ்பிரிங்காக வைத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் இறக்கையின் தாங்குக்கம்பி குறுக்கே வரும். அதனால் பின்பக்கமாகச் சாய்த்துத்தான் எடுக்க முடியும். நாயக விமானம் பக்கவாட்டில் சற்றுப் பின்தங்கி வருவதும் இதற்குத் தோதாக அமைகிறது.

அதே காரணத்தால் ஒரு பயமும் உண்டு. கேமரா விமானத்திலிருந்து எது பறந்தாலும் அது பின்னால்தான் போகும். பின்னால் ப்ரொப்பெல்லர் சுற்றிக்கொண்டு ஒரு பழைய விமானம் வருகிறது. லென்ஸ் மூடி, தொப்பி, பேனா, சட்டைப்பையில் இருக்கும் செல்போன், எல்லாவற்றையும் தரையிலேயே விட்டுவிட வேண்டும். லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூடைக் கழற்றிவிட வேண்டும். அதிர்வில் ஃபில்டர் தானாகத் திருகிக் கழன்றுகொள்ளும் என்பதால் டேப் சுற்றுவார்கள். கேமரா வார் கழுத்தில், இன்னொரு கயிறு விமானச் சட்டத்தில். கதவையே கழற்றிவிட்டுப் போவதென்றால் சீட் பெல்ட் மட்டும் போதாது, உடம்பில் பூட்டிய தனிக் கச்சை வேண்டும்.

டெல்டாவின் தரையும் காற்றும்

மலை இல்லாத பூமி. படத்துக்கு ஆழம் கொடுக்க ஒன்றுமில்லை என்று வெளியூர்க்காரர் சொல்லக்கூடும். தண்ணீரை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கல்லணைக்கு மேலிருந்து பார்த்தால் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் நாலும் விரித்த கைவிரல் மாதிரி பிரியும். கொள்ளிடத்தின் அகன்ற மணலுக்கு முன்னால் எந்த நிற விமானமும் எடுப்பாகத் தெரியும். சம்பா நடவு நேரத்தில், புரட்டாசி வாக்கில், நீர் கட்டிய வயல் ஒவ்வொன்றும் கண்ணாடித் துண்டு. காலை வெயில் தாழ்ந்திருக்கும்போது வரப்புகள் மட்டும் கறுப்புக் கோடாகவும் நடுவில் வானமாகவும் தெரியும். தை அறுவடைக்குப் பிறகு அதே இடம் வைக்கோல் நிறம், கோடையில் மங்கிய புழுதி.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் தாழ்ந்துவிடும். துணி போர்த்திய விமானத்தை மழையில் கொண்டுபோவது அதற்குச் செய்யும் துரோகம். மார்கழிக் காலையில் மூடுபனி. என்னைக் கேட்டால், கார்த்திகையில் இரண்டு நாள் மழை பெய்து விட்ட மறுநாள் காலைதான் சரி. தூசி கழுவிய காற்று, பச்சைப் பயிர், வாய்க்கால் நிறையத் தண்ணீர்.

காலை என்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. பத்து மணிக்கு மேல் வெறும் தரையும் தார்ச்சாலையும் சூடாகிக் காற்றை மேலே அனுப்பும்; பக்கத்தில் நீர் நின்ற வயல் அப்படி அனுப்பாது. இரண்டுக்கும் மேலாகப் போகும்போது விமானம் குண்டுங்குழியுமான சாலையில் போகிற மாதிரி குதிக்கும். 30 மீட்டர் இடைவெளியில் ஒன்று குதித்து மற்றது குதிக்காவிட்டால் எப்படி இருக்கும்? அதே ஏறுகாற்றில்தான் பருந்துகளும் வட்டமடிக்கும். கோடியக்கரைப் பக்கம் குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம். முத்துப்பேட்டைக் காயல்மேல் புகைமூட்டமான காலையில் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பலாகி, அடிவானமே காணாமல் போகும். உயரம் கண்ணுக்குப் பிடிபடாது.

எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்பதையும் யோசித்தாக வேண்டும். ஆயிரம் அடியில் செஸ்னாவின் எஞ்சின் நின்றால் அது இரண்டரைக் கிலோமீட்டர் வாக்கில் மிதந்து போகும். பார்த்தால் டெல்டா முழுவதுமே சமதரை. ஆனால் சேற்று வயலில் சக்கரம் பட்டவுடன் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். சாலை என்றால் இருபுறமும் மரம், குறுக்கே மின்கம்பி. தோப்பு என்றால் சொல்லவே வேண்டாம். தண்ணீர் இல்லாத நாளில் கொள்ளிடத்து மணல் கொஞ்சம் தேவலை.

விமானத்துக்குப் பின்னால் விமானம்

பெரிய கோயில் ஆசைக்கு வருவோம். விதிப்படி ஊருக்கு மேல் பறந்தால், சுற்றிலும் 600 மீட்டர் தூரத்துக்குள் உள்ள மிக உயரமான பொருளுக்கு மேல் 1000 அடி விட வேண்டும். கோயில் விமானம் சுமார் 216 அடி. அப்படியானால் டகோட்டா தரையிலிருந்து 1200 அடிக்குக் கீழே வரமுடியாது.

இனி அளவுகள். டகோட்டாவின் இறக்கை நீளம் 29 மீட்டர், கோயில் விமானத்தின் அடித்தளம் ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் கேமராவிலிருந்து டகோட்டா 50 மீட்டரில், கோயில் விமானம் 600 மீட்டருக்கு அப்பால். படத்தில் டகோட்டா பன்னிரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். ராஜராஜன் கட்டியது இறக்கைக்கு அடியில் ஒரு கொழுக்கட்டை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேமரா விமானத்தைத் தள்ளிக்கொண்டுபோய் நீள லென்ஸில் எடுத்தால் சமன் ஆகுமே என்று தோன்றும். ஆகும். ஆனால் மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதால், தள்ளிப்போகப் போக உயரமும் ஏறும். ஃபார்மேஷன் என்றால் பக்கவாட்டிலும் நீளவாக்கிலும் 1 கி.மீ., உயரத்தில் 100 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதைத் தாண்டினால் இரண்டும் கட்டுப்பாட்டு அறைக்குத் தனித்தனி விமானங்கள். இடைவெளியை அவர்கள் தீர்மானிப்பார்கள். படம் போயிற்று.

யாரிடம் கேட்க வேண்டும்?

பயணிகள் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆம் விதி, பறக்கும் விமானத்திலிருந்து அனுமதியின்றிப் படம் எடுப்பதைத் தடுக்கிறது. பயணிகளுக்கு மட்டும் 2004-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சுற்றறிக்கை மூலம் தளர்வு கொடுத்தது. 2020-இல் இதில் குழப்பம் வந்து மறுபடி விளக்கம் தர வேண்டியதாயிற்று. இதற்கென்றே விமானம் எடுத்துப்போய்ப் படம் எடுக்க, எழுத்தில் அனுமதி வேண்டும். பாதுகாப்புத் துறையின் சம்மதமும் அதில் சேரும்.

டெல்டாவில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. தஞ்சாவூர் விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தில் வளர்ந்தது. 2020 ஜனவரி 20 முதல் அங்கே சுகோய்-30 போர் விமானங்களுடன் 222-ஆம் படைப்பிரிவு இருக்கிறது. திருச்சியில் வெளிநாட்டு விமானங்கள் வந்துபோகும் நிலையம். கல்லணை இரண்டு ஊருக்கும் நடுவில். ஒவ்வொரு பறத்தலுக்கும் வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். அங்கே சுற்றிச் சுற்றி வட்டம் போடப்போகிறோம் என்பதை இரண்டு கட்டுப்பாட்டு அறைகளும் முன்பே அறிந்திருக்க வேண்டும். பழைய எஞ்சின்களுக்கு வேண்டிய விமானப் பெட்ரோல் எல்லா நிலையத்திலும் கிடைப்பதில்லை. ஜெட்டுகளுக்கான எண்ணெய் இதற்கு ஆகாது. அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் கூடிவந்து ஒரு கார்த்திகைக் காலையில் திருச்சியிலிருந்து கிளம்பினால், ஆறேழு நிமிடத்தில் கல்லணை. நாலைந்து வட்டம் போட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இறங்கியதும் டகோட்டா விமானியிடம் மேலிருந்து கல்லணை எப்படி இருந்தது என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. அவர் அந்த நேரம் முழுக்கப் பார்த்தது செஸ்னாவின் பக்கவாட்டையும், ஜன்னலில் நீண்டிருந்த ஒரு லென்ஸையும்தான்.